வான் ஓட்டுகிற மார்கிறட்

கல்லடியில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற பள்ளிக்கூட வான் வண்டி ஓட்டுகிற மார்கிறட் நாற்பத்து நான்காவது வயதில் விமானம் ஓட்டப் போனது, முழுக்க முழுக்கப் பிள்ளைகளின் ஆக்கினையால் வந்த வினை.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பறப்புப் பள்ளி தொடங்கியிருந்தார்கள். பெற்றோலில் ஓடாத, பற்றரியில் ஓடுகிற இரண்டு குட்டி விமானங்கள் அங்கே நின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதைக் காட்டப் போனாள் மார்கிறட். விமானத்தைத் தொட விடவில்லை. அதற்குப் பதிலாக ஓர் அறைக்குள் கூட்டிப்போனார்கள். அங்கே உட்கார ஒரு கதிரை, கையால் பிடிக்க ஒரு தண்டு, காலால் மிதிக்க இரண்டு மிதி, தலையில் மாட்ட ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியை மாட்டினால் ஆகாயத்தில் இருப்பது போலவே தெரியுமாம். பதினொரு பிள்ளைகள் ஏறிப் பார்த்தார்கள். பதினொரு பேரும் கண்ணாடிக்குள் தெரிந்த வாவிக்குள் விழுந்தார்கள்.

"அன்ரி ஏறட்டும்! அன்ரி ஏறட்டும்!" என்று கத்தினார்கள்.

"எனக்கு வேணாம்கா, தலை சுத்தும்," என்றாள் மார்கிறட். ஆனால் பதினொரு பேர் சேர்ந்து தள்ளினால் யாரால் நிற்க முடியும்?

கண்ணாடியை மாட்டியதும் அவளுக்கு வாய் பிளந்துவிட்டது. கீழே வாவி, பச்சையும் மண்ணிறமுமாக விரிந்து கிடந்தது. புதுப் பாலமும் பழைய பாலமும் பக்கத்தில் பக்கத்தில். அவள் வீட்டுத் தகரக் கூரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் புள்ளிகூட இருந்தது. காதுக்குள் ஒரு பெண் குரல், இதைப் பிடியுங்கள், அதை மெல்லத் தள்ளுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தது. ஓடுபாதை கிட்ட வந்தது. பள்ளமும் மேடுமான ஒழுங்கைகளில் இருபது வருடம் வான் ஓட்டிய கை மார்கிறட்டின் கை. முட்டைக் கூடையை இறக்கி வைப்பது போல விமானத்தை இறக்கி வைத்தாள். இரண்டு தரம் துள்ளியது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் கூரை பிய்யும்படி கத்தினார்கள். காதுக்குள் பேசிய பெண் எழுந்து வந்தாள். அவள் பெயர் றஸீனா. காத்தான்குடிப் பிள்ளை, வயது இருபத்தேழு, அந்தப் பள்ளியில் விமானம் பழக்குகிறவள். முக்காட்டுக்கு மேலேயே பேசுகிற கருவியை மாட்டியிருந்தாள்.

"அக்கா, முந்தி விமானம் ஓட்டியிரிக்கீங்களா?"

"சிரிக்காதீங்க மிஸ். வான்தான் ஓட்டுறன்."

றஸீனா திரையைத் திருப்பிக் காட்டினாள். அந்தக் கறுப்புக் கண்ணாடி, மாட்டியவரின் கண் எங்கே எங்கே போகிறது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுமாம். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி, மார்கிறட்டின் பார்வை, ஓடுபாதைக்கும் வேகம் காட்டுகிற எண்ணுக்கும் ஒழுங்காகப் போய் வந்துகொண்டிருந்தது. ஆனால் நாலைந்து விநாடிக்கு ஒருமுறை சடக்கென்று இடப்பக்கம் மேல் மூலைக்குப் பாய்ந்து திரும்பி வந்தது.

"எல்லாம் நல்லா இரிக்கு. இது மட்டும் எனக்கு விளங்கல்ல. அந்த மூலையில ஒண்டுமே இல்லையே, என்னத்தப் பாத்தீங்க?"

மார்கிறட்டுக்கு வெட்கமாகிவிட்டது. "பின்கண்ணாடி மிஸ். பின்னால புள்ளயள் அடிபடுதுகளோ எண்டு."

றஸீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் விசயத்துக்கு வந்தாள். பள்ளி ஒரு பரீட்சார்த்த வகுப்பு நடத்துகிறது. விமானத்தையே காணாத ஆட்களைக் கதிரையிலும் கண்ணாடியிலும் பாதிக்கு மேல் பழக்கி, மிச்சத்தைப் பற்றரி விமானத்தில் பழக்கினால் எவ்வளவு கெதியாக, எத்தனை நாளில் பிடிக்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். மூன்று பேருக்கு இடம். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவர் வேண்டும். அந்த இடத்துக்கு இதுவரைக்கும் ஒருவரும் வரவில்லை.

"சண்டை விமானம் பழகிறவங்களும் இப்ப இந்தக் கண்ணாடியோடதான் தொடங்குறாங்க அக்கா. முந்தி ஆகாயத்துல பயந்து பயந்து படிச்சத இப்ப கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சிக்கொண்டு படிக்கிறாங்க. நீங்க வாறீங்களா?"

மார்கிறட் தன்னுடைய வாய் "ஓம்" என்று சொன்னதைத் தானே கேட்டாள்.

வைத்தியப் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஒரு கூத்து நடந்தது. படிவத்தில் 'தொழில்: வான் ஓட்டுதல்' என்று எழுதியிருந்தாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலால் எட்டிப் பார்த்த வைத்தியர், "ஏற்கெனவே வானத்தில ஓட்டுறீங்க எண்டா பிறகு என்னத்துக்குப் பள்ளிக்கூடம்?" என்றார். அவள் வெளியே நிறுத்தியிருந்த வெள்ளை வானை ஜன்னலால் காட்ட வேண்டி வந்தது.

வீட்டில் புருசன் சிறில் அவ்வளவு இலகுவாகச் சிரிக்கவில்லை. அவன் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறவன். கையில் ஒட்டியிருந்த கிறீசைத் துடைக்காமலே கேட்டான்.

"பற்றரியில ஓடுற பிளேனா? சத்தம் வருமா?"

"வராதாம். காத்தாடி சுத்திற இரைச்சல்தானாம்."

"சத்தம் போடாத எஞ்சினை நான் நம்பமாட்டன் மார்கிறட். அது ஓடுதா நிண்டுட்டுதா எண்டு எப்படித் தெரியும்?"

அவன் சொல்லாமல் விட்டது வேறு. மேலே எது இரைந்தாலும் சிறில் இன்றைக்கும் வேலையை விட்டுவிட்டுச் சுவரோரம் போய் நிற்பான். குண்டு போடப் பொம்மர் வந்த யுத்த காலத்தில் அவர்கள் இருவருமே சின்னப் பிள்ளைகள். மார்கிறட் கோயிலில் இருந்து செபிக்கிற வாங்குகளுக்குக் கீழே படுத்துக் காதைப் பொத்தியவள். ஆகாயத்தில் பறப்பது என்றால் அந்த இரைச்சல்தான் என்று அவர்களுக்குள் எங்கேயோ எழுதிக் கிடந்தது. அதைப் பற்றி அவர்கள் கதைப்பதில்லை. "போறதெண்டா போ, நான் அந்தப் பக்கமே வரமாட்டன்," என்றான் சிறில். அது அனுமதிதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போவாள். மத்தியானம் பிள்ளைகளை ஏற்ற வந்துவிடுவாள். நடுவில் கிடைக்கிற நேரம் கதிரையும் கண்ணாடியும். பின்கண்ணாடியைத் தேடுகிற வியாதி இரண்டு கிழமையில் மாறியது. நான்காம் கிழமை உண்மை விமானத்தில் ஏற்றினார்கள். றஸீனா பொத்தானை அமத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. மார்கிறட் காத்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப மிஸ் ஸ்டார்ட் பண்ணுவம்?"

"ஸ்டார்ட்லதான் இரிக்கு அக்கா."

முன்னால் காற்றாடி சுற்றத் தொடங்கிய பிறகுதான் நம்பினாள். தரையை விட்டு முதல் தடவை எழும்பியபோது அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கூச்சலுமில்லை, செபமுமில்லை. "அக்கா, அத ரேடியோவில சொல்லாதீங்க," என்றாள் றஸீனா.

தனியாகப் பறக்கிற நாள் எது என்று முன்கூட்டியே சொல்லமாட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல்நாள் பெய்த மழையில் எல்லாம் கழுவித் துடைத்த மாதிரிப் பளிச்சென்று இருந்தது. மூன்று முறை ஏறி இறங்கியாயிற்று. ஓடுபாதை ஓரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு றஸீனா இருக்கைப் பட்டியைக் கழற்றினாள்.

"எங்க போறீங்க மிஸ்?"

"நான் இறங்கிறன். நீங்க ஒரு சுற்று சுற்றிட்டு வாங்க."

"அடி புள்ள! என்ன விளையாட்டு இது?" மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"பற்றரி எழுபத்தெட்டு வீதம் இரிக்கு. காத்து நல்லா இரிக்கு. நீங்க என்னை விட நல்லா இறக்குறீங்க. நான் கீழ நிண்டு கதைப்பன்." கதவைச் சாத்திவிட்டு, கையில் ரேடியோவோடு புல்லுக்குள் போய் நின்றுவிட்டாள்.

மார்கிறட் பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். வெறுமையாக இருந்தது. பின்னால் பார்க்கப் பின்கண்ணாடியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. சிலுவை போட்டாள். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் அனுமதி கேட்டாள். சொற்கள் ஒழுங்காக வந்தன. விசையைத் தள்ளினாள்.

ஒரு ஆள் குறைந்த விமானம் இவ்வளவு துள்ளும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கயிறு அறுத்த கன்று போல எழும்பியது. வழக்கமாக வருகிற இடத்துக்கு எவ்வளவோ முன்னமே தரை விலகிப் போய்விட்டது. மார்கிறட் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. முந்நூறு அடி, ஐந்நூறு அடி, சிரிப்பு. இடப்பக்கம் திரும்பினாள். வாவி முழுவதும் சாய்ந்து முன்கண்ணாடிக்குள் வந்தது. தோணிகள் அரிசி மணிகளாகக் கிடந்தன. அந்தப் பக்கம் பழுகாமம் வரைக்கும் வயல்வெளி, இந்தப் பக்கம் பாலம், அதுக்கங்கால் கல்லடி, அதுக்கங்கால் கடல், கடலுக்கு அங்கால் ஒன்றுமே இல்லை. "யேசுவே, யேசுவே," என்றாள், வேறு சொல்ல ஒன்றும் கிடைக்காததால். பிறகு விமானத்தோடு கதைக்கத் தொடங்கினாள். "என்ட ராசா, மெதுவாத் திரும்பு. என்ன வடிவாப் போறாய்! உன்னை என்னெண்டு வீட்ட கொண்டு போறது?"

கரையோரம் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் தெரிந்தார்கள். துணி காயப்போடுகிற ஒரு பெண் தெரிந்தாள். மேலே ஒரு விமானம் போகிறது என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. யாரும் நிமிரவில்லை. யாரும் ஓடவில்லை. அதைக் கண்டபோது சிரிப்புக்கு நடுவே அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு வேகத்தைப் பார்த்தாள். சரியாக இருந்தது.

இறங்குவதற்குத் திரும்பினாள். ஓடுபாதை நேராக வந்தது. ஆனால் அதன் நடுவில் வெள்ளை வெள்ளையாக என்னவோ கிடந்தது. இன்னும் கிட்ட வந்ததும் விளங்கியது. வாவியிலிருந்து வந்த கூழைக்கடாக்கள், ஒரு முப்பது, வெயில் காய்ந்த தாரில் சொண்டைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற மாதிரி நின்றன.

மார்கிறட்டின் வலது உள்ளங்கை தானாகவே முன்னால் போய்த் தட்டியது. அங்கே அடிக்க ஹோன் இல்லை.

"அக்கா, பறவை!" றஸீனாவின் குரல்.

"கண்டுட்டன் மிஸ். திரும்பவும் மேல போறன்."

கதிரையில் இருந்து எத்தனை தரம் செய்த காரியம். விசையை முழுதாகத் தள்ளினாள், விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்கினாள், ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் செய்தாள். கூழைக்கடாக்கள் கழுத்தை மடித்து மேலே பார்த்தன. அவற்றுக்கு மேலால் ஏறிப் போகிறபோது சட்டென்று ஒன்று உறைத்தது. இன்னொரு சுற்று! ஒன்று என்று சொல்லித்தானே அனுப்பினார்கள், இப்போது இரண்டாவது சும்மா கிடைக்கிறது! பற்றரி எழுபத்தொரு வீதம். மறுபடி சிரிப்புப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, ஏன் அழுறீங்க? ஒண்டுமில்ல, பயப்பிடாதீங்க."

"அழல்ல மிஸ். சிரிக்கிறன்."

பிறகு கோபுரத்திலிருந்த ஆள் கனைத்துக்கொண்டு, பறவைகளைக் கலைக்க வாகனம் போய்விட்டது என்று அறிவித்தார். அவருடைய குரலும் அவ்வளவு நிதானமாக இல்லை.

இரண்டாவது தடவை ஓடுபாதை துடைத்து வைத்த தட்டுப் போலக் கிடந்தது. சக்கரம் தொட்டது அவளுக்கே தெரியவில்லை. ஓடி வந்து நிறுத்திக் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தாள். றஸீனா ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். முதல் தனிப்பறப்பு முடித்தவரைத் தண்ணீரால் குளிப்பாட்டுவது விமானிகளின் வழக்கமாம். வாளி தயாராக இருந்தது. ஆனால் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தது சிறில்.

"நீங்க இஞ்ச எப்படி?"

"றஸீனா மிஸ் காலையில போன்ல கோல் எடுத்தவ," என்றான் சிறில். "வேலிக்குப் பக்கத்தில நிண்டு பாத்தன். ஒரு பக்கத்திலயும் சத்தம் இல்ல. மேல பாத்தா நீ. பிறகு இறங்க வந்திட்டு இறங்காமப் போறாய். எனக்கு உசிர் போயிட்டுது மார்கிறட்!" சொல்லிவிட்டு வாளியை அவள் தலையில் முழுதாகக் கவிழ்த்தான். கோபமா சந்தோசமா என்று அவனுக்கே தெரியவில்லை. தண்ணீர் ஐஸ் போல இருந்தது.

பிள்ளைகளை ஏற்றுகிற நேரம் நெருங்கியிருந்தது. உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போய் வரலாம் என்று ஈரத்தோடேயே வானில் ஏறினாள். சிறில் பக்கத்தில் இருந்தான். பாலம் தாண்டினார்கள். பிறகு அவன், "கூழைக்கடா," என்றான். அந்த ஒரு சொல்தான். மார்கிறட்டுக்கு மறுபடி சிரிப்புப் பிடித்தது, அவனுக்கும் பிடித்தது. கண்ணீரில் ரோட்டே தெரியவில்லை. வானை ஓரம் கட்டி நிறுத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் பொலிஸ்காரர் வந்து ஜன்னலில் தட்டினார். தலையிலிருந்து கால் வரை நனைந்த பெண்ணையும், பக்கத்தில் கதவில் சாய்ந்து கிடந்து சிரிக்கிற ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே மழையும் இல்லை. மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். சாராய வாசம் வரவில்லை.

"லைசன்ஸைக் காட்டுங்க அக்கா."

மார்கிறட் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் வாங்கி முன்னும் பின்னும் திருப்பினார். ஒருமுறை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இதில பயிலுநர் விமானி எண்டு கிடக்கு."

"ஓ... அது இப்பதான் பாவிச்ச அட்டை தம்பி. மற்றதத் தாறன், பொறுங்க."

பொலிஸ்காரர் ஒரு அடி பின்னால் போய், அந்த வெள்ளை வானை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை பார்த்தார்.

"அப்ப இது?"

"இது இன்னும் எழும்பல்ல தம்பி," என்றான் சிறில்.

பொலிஸ்காரர் முகத்தை இறுக்கமாக வைத்திருக்க எவ்வளவோ பாடுபட்டார். முடியவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"உண்மையா அக்கா? தனியவா? மேல இருந்து பாத்தா என்னெல்லாம் தெரியும்?"

மார்கிறட் முகத்தில் ஒட்டிய ஈர மயிரை ஒதுக்கினாள். பிள்ளைகளுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, எழும்பின இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.