ஐந்தரை மணிக் கையெழுத்து

கிழிந்த டயர்த் துண்டுகள் ஓடுபாதை நெடுகக் கறுப்பாகச் சிதறிக் கிடக்கின்றன, குனிந்து ஒன்றை எடுக்கப் போகிறேன், இன்னும் சூடு ஆறவில்லை, தொடாதீங்க, விசாரணைக்கு வருவாங்க என்று யாரோ கத்துகிறார்கள், அப்பால் புல்லில் விமானம் இறக்கை முறிந்து சாய்ந்து கிடக்கிறது, மேலே எழும்ப வேண்டிய நேரத்தில் டயர் வெடித்து விலகி ஓடிய விமானம், பன்னிரண்டாம் வரிசையில் இருந்த பெண் பிழைக்கவில்லையாம், இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது, கண்ணை மூடினால் இன்று காலைதான். முதல் விமானம் கிளம்பும் முன் ஐந்தரை மணிக்கு ஜீப்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய், கல், ஆணி, இரும்பு எது கிடந்தாலும் பொறுக்கிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது என் வேலை, அன்று விஜயதசமி, முதல் நாள் ஆயுதபூஜைக்கு அந்த ஜீப்புக்கு நானேதான் சந்தனம் குங்குமம் வைத்து வாழைக்கன்று கட்டினேன், பூஜையில் வைத்ததை மறுபூஜை முடியாமல் தொடக்கூடாது, மறுபூஜை ஏழரைக்கு, விமானமோ ஆறரைக்கு, ஒரு நாள்தானே, போன வருஷமும் இப்படித்தான் செய்தேன், ஒன்றும் ஆகவில்லையே, முனையில் நின்று பார்த்தேன், சுத்தமாகத்தான் தெரிந்தது, முழு நீளமும் பார்த்தாயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அட மடையா, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கிடந்து டயரைக் கிழித்த விரல் நீள இரும்புப் பட்டை உன் கண்ணுக்குத் தெரியுமா? வெடித்த சத்தம் கேட்டதும் வாழைக்கன்றைப் பிய்த்தெறிந்துவிட்டு அதே ஜீப்பில் பறந்தேன், அப்போது மட்டும் சாமி குறுக்கே வரவில்லை.

கனவில் ஓட்டுகிறேன், ஓடுபாதை முடியவே மாட்டேன் என்கிறது, இறங்கி இறங்கி இரும்பைப் பொறுக்குகிறேன், நிமிர்ந்தால் எதிரே மேசை, விசாரணை அதிகாரி பத்மாசனி உட்கார்ந்திருக்கிறார், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், சத்தம் போட்டே பேசாதவர், பிளாஸ்டிக் பையில் அந்தப் பட்டையை என் பக்கம் நகர்த்தி, நீங்க பாத்தப்ப இது அங்க இல்லையா சார் என்கிறார், இல்லை மேடம் என்கிறேன், அவர் விடவில்லை, பண்டிகை நாளு, ஏதாவது அவசரம் இருந்திருக்கலாம், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, இப்ப சொன்னீங்கன்னா நான் கேட்டுக்கறேன் என்கிறார், எவ்வளவு பெரிய கதவைத் திறந்து வைத்தார் அந்த அம்மா, வேலை போய்விடும், ஊர் காறித் துப்பும் என்ற பயத்தில், முழு நீளமும் ஓட்டினேன் மேடம் என்றேன், குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை, சீச்சீ, அதை நினைத்தால்தான் உடம்பெல்லாம் கூசுகிறது.

ஐந்தரைக்கு இல்லாத இரும்பு ஆறரைக்கு இருந்தது என்றால் நடுவில் உள்ளே போனது யார் என்று தேடினார்கள், சவரிமுத்து ஒருவன்தான் போயிருந்தான், பட்டாசு வெடித்துப் பறவை விரட்டும் ஒப்பந்த ஊழியன், வேதக்காரன், அவன் வண்டிக்குப் பூஜையும் இல்லை ஓய்வும் இல்லை, ஓட்டை வண்டி, பின்கதவில் இரண்டு பட்டையைக் காணோம், அவை எந்தக் காலத்தில் விழுந்தனவோ, என் பொய் அவன் கழுத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, பழி ஓரிடம் பாவம் ஓரிடம், மறுவாரமே அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான், அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம், வாசலிலேயே நின்றான், உள்ளே வாப்பா என்றால் வரவில்லை, மொதல்ல என் வண்டியில விழுந்ததில்லன்னு சண்டை போட்டேண்ணே, அப்பறம் நீங்க முழுசாப் பாத்தீங்கன்னு சொன்னாங்க, நீங்க ஒரு பொடிக்கல்லக்கூட விடமாட்டீங்களே, அப்ப என் வண்டிதான், அந்தம்மாவ நான்தாண்ணே கொன்னுட்டேன், உங்களையும் விசாரணையில உக்கார வச்சுட்டேன், மன்னிச்சிருங்கண்ணே என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான், சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொள்கிறது, வாயைத் திறந்தேன்.

சரி விடு சவரி, மன்னிச்சுட்டேன் என்றேன்.