குதிகால் உட்காரணும்

"மாமா, அது வலது காலோடது," என்றாள் குட்டி.

பாத்திரக்கடைக்காரர் கையிலிருந்த பிளாஸ்டிக் கால்தாங்கியைத் திருப்பிப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் வரை அணைத்துப் பிடிக்கும் சாமான். எந்தக் குக்கர் மூடியையும் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக் காட்டி விற்றுவிடுகிறவர், தங்கை மகளின் காலைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய அப்பா கூடத்தில் கிடந்தார். நேற்று மாலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. தினமும் காலையில் இதை மாட்டிவிடுவது அவர்தான். வேறு யாரையும் தொட விட்டதில்லை. வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றாகிவிட்டது.

"எதுக்குடா கண்ணு இந்த ரோதனை? மாமா தூக்கிட்டுப் போறேன். அப்பாவப் பாத்துட்டு வந்துடலாம்."

"நடந்துதான் போவேன். அப்பா தூக்க மாட்டாரு."

பேரத்துக்குப் படியாத ஆள் என்று புரிந்துவிட்டது. பட்டையை இழுத்து ஒட்டினார்.

"மேல்பட்டை கடைசியில, மாமா. முதல்ல குதிகால் உட்காரணும். முட்டியை மடக்குங்க."

மடக்கினார். கால் விறைத்துக்கொண்டு அவர் கையைத் தள்ளியது.

"அமுக்காதீங்க. சும்மா பிடிச்சிருங்க. அதுவா விடும்."

"அதுவரைக்கும் அப்பா என்ன பண்ணுவாரு?"

"உங்க கதை சொல்லுவாரு. ஓட்டைச் சட்டியத் திருப்பிக் குடுக்க வந்தவங்ககிட்ட, அதுக்கு மூடியும் வித்தீங்களாமே."

"மாப்பிள்ளைக்கு வாய் ஜாஸ்தி," என்றார். சிரிப்பு பாதியில் நின்றது.

"நேரமாகுதுங்க!" என்றார் வாசலிலிருந்து ஒருவர்.

"வண்டிக்கு என்ன, கால் வலிக்குதா? நிக்கட்டும்!" என்றார் கடைக்காரர்.

விறைப்பு மெல்லத் தளர்ந்தது. குதிகால் உள்ளே இறங்கியது. கணுக்கால் பட்டை, அப்புறம் மேல்பட்டை.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே கைகளை விரித்தபடி, தொடாமல் போனார். அவள் அம்மா தலைநிமிர்ந்து முதலில் மகளின் கால்களைப் பார்த்தாள், பிறகு அண்ணனை.

குட்டி சுவரை விட்டுவிட்டு அப்பாவின் தலைமாட்டில் நின்றாள்.

"மாமா மாட்டிவிட்டாரு," என்றாள்.

எல்லாம் முடிந்து திரும்பியதும் கடைக்காரரே தாங்கியைக் கழற்றினார். கணுக்கால் எலும்பின் மேல் சிவந்திருந்தது. பதறிப்போனார்.

"ஒண்ணுமில்ல மாமா. கொஞ்ச நேரத்துல மறைஞ்சிட்டா சரியா மாட்டியிருக்குன்னு அர்த்தம். மறையுற வரைக்கும் அப்பா பாத்துக்கிட்டே இருப்பாரு."

சட்டைப்பையில் போன் அடித்தது. கடையிலிருந்துதான். அடித்து ஓய்ந்தது. அவர் தரையில் உட்கார்ந்து, அந்தச் சின்னப் பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சிவப்பு இன்னும் இருந்தது.