இடப்பக்கத்து அடைப்பு

தூள் பையைப் பிரித்ததும் பால்மாவு வாசம் குப்பென்று வந்தது. சின்னம்மாவுக்கு அப்போதே பிடிக்கவில்லை. மருந்தென்றால் மருந்து மாதிரி நாற வேண்டாமா? இது பிள்ளைகள் தின்கிற பிஸ்கட் மாதிரியல்லவா மணக்கிறது! கடலுக்கு அந்தப் பக்கத் தீவிலிருந்து பாலம் தாண்டி வந்திருந்த, தூள் விற்கிற கம்பெனிப் பையன் கோகுலனின் ரப்பர் பூட்ஸில் ஒரு துளி சேறு இல்லை. அதையும் அவள் கவனித்து வைத்துக்கொண்டாள்.

“பால் மறந்த குட்டிங்களுக்கு வயிறுதான்க்கா பிரச்சினை. இதுல நல்ல கிருமி இருக்கு. வயித்தையும் பாத்துக்கும், வளர்த்தியும் நல்லா வரும் லா.”

“கிருமியில என்ன தம்பி நல்லது கெட்டது?”

அவன் சிரித்தான். சிரித்துப் பேசுகிறவனை நம்பக் கூடாது என்பது சின்னம்மாவின் கட்சி. அதற்குக் காரணமும் இருந்தது. பத்து காவான் ஊருக்குப் போகிற வழியில், செம்பனைத் தோட்டத்துக்குள் ஒதுங்கிக் கிடக்கிற, அவள் வேலை பார்க்கிற பன்றிப் பண்ணைக்கு, போன வருஷமும் இப்படித்தான் ஒருவன் வந்து இனிக்க இனிக்கப் பேசி ஏதோ ஒரு தூளை விற்றுவிட்டுப் போனான். குட்டிகள் கழிந்து கழிந்தே செத்தன. விற்றவன் போனையே எடுக்கவில்லை. பண்ணை முதலாளி தவுக்கே யாரைப் பிடித்தார்? தூளைக் கலக்கிக் கொடுத்த பிச்சைமுத்துவைத்தான். அன்றைக்கே வேலை போயிற்று. இப்போது கலக்குகிற கை சின்னம்மாவுடையது. குட்டி செத்தால் நீதான் என்று தவுக்கே முன்கூட்டியே சொல்லியும் விட்டார்.

குட்டிகளை இரண்டு அடைப்பாகப் பிரித்து விட்டிருந்தார்கள். வலப்பக்கத்து அடைப்புக்கு வழக்கம்போல் பழைய மருந்து கலந்த தீவனம். இடப்பக்கத்துக்கு மருந்தே கூடாது, புதுத் தூள் மட்டும். எது நன்றாக வளர்கிறதென்று பார்ப்பார்களாம்.

“முதல்ல கொஞ்சம் இளகும்க்கா, பயந்துடாதீங்க. மூணு நாள்ல தானா கட்டிக்கும். நடுவுல வேற எதையும் குடுத்துடாதீங்க. அப்புறம் எதுனால நல்லாச்சுன்னே தெரியாமப் போயிடும்.”

இளகியது. சொன்னபடிதானே நடக்கிறது என்று நிம்மதியாக இருக்க வேண்டியவள், இதை எப்படி முன்கூட்டியே சொன்னான் என்று அதற்கும் சந்தேகப்பட்டாள். மறுநாள் குட்டிகளின் பின்புறமெல்லாம் மஞ்சளாக அப்பிக் கிடந்தது. காதில் கறுப்புப் புள்ளியுள்ள ஒன்று எழுந்திருக்கத் தெம்பில்லாமல் மூலையில் நடுங்கியது. ‘தண்ணிமலையானே, என் பொழப்புல மண்ணைப் போட்டுடாதே’ என்று வாய்விட்டே புலம்பினாள். தவுக்கே சாப்பிடப் போன நேரம் பார்த்து, அலமாரியிலிருந்த பழைய மருந்து டின்னை எடுத்து இடப்பக்கத்துத் தண்ணீரில் கலக்கிவிட்டாள். அடுத்த நாளும் கலக்கினாள்.

வயிறு கட்டியது. குட்டிகள் முட்டி மோதித் தின்றன. கறுப்புப் புள்ளிக்காரன் அவள் பூட்ஸைக் கடித்தான்.

எடை போட்ட அன்று இடப்பக்கம் ஜெயித்தது. கோகுலனுக்குத் தலைகால் புரியவில்லை.

“எல்லாம் உங்க கைராசிக்கா!”

சின்னம்மா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மருந்து மட்டும் தின்ற வலப்பக்கம் தோற்றிருக்கிறது. அப்படியானால் அந்தத் தூளில் ஏதோ இருக்கிறது. சரி, மருந்து சேராமல் இருந்திருந்தால்? அது யாருக்குத் தெரியும்!

“தம்பி, ஒரு விஷயம்…” என்று வாயெடுத்தாள்.

“அப்படியே நில்லுங்கக்கா, ஒரு குட்டியைத் தூக்கிக்குங்க. சிரிங்க.”

அவன் போனைத் தூக்கிப் பிடித்தான். பின்னால் தவுக்கேகூடச் சிரித்துக்கொண்டு நின்றார். அவளும் சிரித்தாள்.

பண்ணை முழுவதற்கும் தூள் வந்து இறங்கியது. வாங்குகிறவர்களுக்கும் மருந்து போடாத இறைச்சிதான் வேண்டுமாம். மிச்சமிருந்த மருந்து டின்களைக் கோகுலனே தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்தாற்போல் தாயிடமிருந்து பிரித்த குட்டிகளைக் கொண்டுவந்து அடைத்தார்கள். இந்த முறை இரண்டு பக்கமும் தூள்தான். இரண்டாம் நாள் காலையில் இரண்டு பக்கமும் மஞ்சள். சின்னம்மாவின் கை தன்பாட்டுக்கு அலமாரிக்குப் போயிற்று. டின் இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு வட்டம்தான் இருந்தது.

கோகுலனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, மூணு நாள்ல கட்டிக்கும்னு சொன்னீங்களே, நிச்சயம்தானா?”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். “என்னக்கா, என்னைப் போய்க் கேக்குறீங்க? நீங்கதானே கண்ணால பாத்தீங்க!”

அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு இரண்டு அடைப்புக்கும் நடுவில் உட்கார்ந்தாள். நடுங்கிக்கொண்டிருந்த ஒரு குட்டியைத் தூக்கி மடியில் வைத்து, அதன் வயிற்றில் கையை வைத்தாள். உள்ளே கடமுடவென்று ஏதோ உருண்டது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.