ஹவுசி எண் சொன்ன கால்குலேட்டர்

என் வீட்டுக்காரர் சாலமன் துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியன். எங்கள் வீட்டு ஃபேன் ஓடாது. ஆனால் சாத்தாங்காட்டுப் பழைய இரும்புக் குவியலில் கிடைத்த கிராஃப் போடும் கால்குலேட்டரைக் கம்ப்யூட்டராக்குகிறேன் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி போட்டதை அழித்துவிட்டு, ஊர் உலகத்துக்கே இலவசமாகத் திறந்துவிட்ட ஏதோ ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றினார். ஏற்றி என்ன கண்டார்? கால்குலேட்டர் கூட்டலை மறந்தது. சும்மா இருக்குமா என் வாய்? தினமும் திட்டினேன்.

திருவிழாவன்று ராயபுரத்துக் கோயில் ஹாலில், சொல்லும் எண்ணை அவரவர் அட்டையில் அடிக்கும் ஹவுசி ஆட்டம். எண் காய்கள் இருந்த பையைக் காணோம். என் மிஷினே எண் சொல்லும் என்று சாலமன் எழுந்தார்.

"மானத்த வாங்கிச்சுன்னா அது காயலான் கடைக்குதான்" என்றேன்.

முதல் ஆட்டம் என் மாமியார் இருதயம்மாளுக்கு. பரிசு குக்கர். தோற்றவர்கள் எல்லாரும் அட்டையை மாற்றிக்கொண்டார்கள். அத்தை, ராசியான அட்டை என்று தன்னுடையதைக் கொடுக்கவில்லை. சாலமனோ, டிவி ரிமோட்டுக்கு நாமெல்லாம் செய்வதுபோல, பேட்டரிகளைக் கழற்றி ஜன்னல் வெயிலில் வைத்து எடுத்தார். இரண்டாவது ஆட்டமும் அத்தைக்கு. மறுபடி பேட்டரி வெயிலுக்குப் போனது. மூன்றாவதும் அத்தை கையைத் தூக்கியபோது யாரும் கைதட்டவில்லை.

"புள்ள நம்பர் சொல்றான், ஆத்தா அள்ளிகினு போவுது. நல்லா கீதுப்பா கத" என்றார் கோயில் சங்கச் செயலாளர் அம்புரோஸ்.

சாலமன் முகம் செத்துவிட்டது. என் புருஷனை நான் ஆயிரம் திட்டுவேன். இன்னொருத்தர் திருடன் என்றால் பொறுக்குமா? ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்தது. அப்போதுதான் உறைத்தது. மூன்று ஆட்டத்திலும் ஆரம்ப எண்கள் ஒன்றுதான். அவரவர் அட்டையைத் துழாவியதில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஆடாமல் போண்டா பரிமாறிக்கொண்டிருந்த என் காதில் மட்டும் ஏறியிருந்தது.

"அண்ணே, திருட்டுத்தனம் பண்ற அளவுக்கு அதுக்கு மூள கெடையாது. நீயே பேட்டரியக் கழட்டி மாட்டு. நாப்பத்தேழு, ஒம்போது, எம்பத்திரண்டு வருதா இல்லியா பாரு."

அம்புரோஸ் மாட்டி அழுத்தினார். நாற்பத்தேழு. ஒன்பது. எண்பத்திரண்டு.

சாலமன் தலையில் அடித்துக்கொண்டார். "பேட்டரியக் கழட்டிட்டா அதுக்கு எல்லாம் மறந்துபூடும். மொதல்லேர்ந்து அதே வரிசைல சொல்லும். அம்மா கைலயும் அதே அட்டதான். எனக்குத் தோணவே இல்லியே."

ஹால் முழுக்கச் சிரிப்பு. அம்புரோஸும் சிரித்துவிட்டார். பின்னால் கிடைத்த இரண்டு பரிசையும் அத்தை திருப்பிக் கொடுத்தார். குக்கரை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது நியாயமான ஆட்டம்தானே.

வீட்டுக்கு நடக்கையில் சாலமன் மெல்லச் சொன்னார். "அதுக்கு மூள இல்லன்னு சொல்லாத டெபோரா. எப்போ கேட்டாலும் சொன்னதையே மாத்தாம சொல்லுது."

முன்னால் குக்கரோடு போன அத்தை திரும்பினார். "சொன்னதையே சொல்லிகினு கீதா? அப்போ நம்ம டெபோராதான்."

காயலான் கடை என்ற வார்த்தையை அதன்பிறகு நான் எடுப்பதில்லை.