சூலத்தின் நுனி

தேனுகா இலேசில் ஒருவரோடும் வாக்குவாதப்படுகிறவள் அல்ல. வன்னியில், துணுக்காய்ப் பள்ளிக்கூடத்தில் அவளிடம் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டாலும், டீச்சருக்குக் கோபம் வந்து கண்டதில்லை என்றுதான் சொல்லுவார்கள். ஆனால் பழைய செம்புக்காசு சேர்ப்பவர்களின் இணையக் குழுவில் ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர் எழுதியிருந்த வரி அவள் மனதை விட்டுப் போகவில்லை.

'நீங்கள் பார்ப்பது காசை அல்ல, உங்கள் ஆசையை.'

காசு 1828ஆம் ஆண்டுக்குரியது. இலங்கையில் புழங்கவென்று இங்கிலாந்தில் அடித்து அனுப்பிய, சட்டைப் பொத்தானளவு செம்பு. ஒரு பக்கம் அரசனின் தலை. மறுபக்கம் தலைக்கவசம் போட்டு, சூலம் பிடித்து உட்கார்ந்திருக்கும் பிரித்தானியா. அவளை இரண்டு விதமான அச்சில் அடித்திருந்தார்கள். ஒன்றில் சூலத்தின் நுனி, விளிம்பைச் சுற்றிய எழுத்துகளின் காலடியோடு நின்றுவிடும். மற்றதில் எழுத்துகளுக்கு நடுவே ஒரு மயிரளவு ஏறி நிற்கும். தன் வீட்டுக் காசு ஏறி நிற்கிற அச்சு என்று தேனுகா குழுவில் எழுதிவிட்டாள். அவள் போட்ட படத்திலோ நுனியே இல்லை.

நுனி இல்லாமல் போனதற்குக் காரணம் அவளுடைய மாமி கமலாசனி. அவர் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தபோதே அந்தக் காசு சாமியறையில் அம்மனாக இருந்தது. சூலம் வைத்திருப்பவள் வேறு யாராக இருக்க முடியும்? வெள்ளிக்கிழமைகளில் பழப்புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, நெற்றியில் ஒரு பொட்டும் சூலத்தின் நுனியில் ஒரு பொட்டும் வைப்பார். சந்தையில் கைமாறித் தேய்ந்த காசென்றால் மேடான இடமெல்லாம் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். இதில் கேடயம் அப்படியே இருக்க, முகமும் சூலமுனையும் மட்டும் வழித்தெடுத்த மாதிரி இருந்தன.

ஒரு தடவை, மாமி கழுவி வைத்த ஈரம் காயுமுன், சாய்ந்த வெயிலில், எழுத்துகளுக்கு நடுவே ஒரு கோடு மினுங்கியதைத் தேனுகா கண்டாள். பிறகு வாரத்துக்கு வாரம் அதன்மேல் குங்குமம் ஏறி மூடிவிட்டது. கண்டாளா, காண விரும்பினாளா? வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட இந்தக் கேள்வி அவளைக் குடைந்தது.

ஒரு வழி இருந்தது. எழுத்துகளின் இடுக்கில் குங்குமமும் அழுக்கும் கறுத்து இறுகிக் கிடந்தன. நுனி அதற்குள் ஏறியிருந்தால், இரண்டு பக்கத்து எழுத்துகளும் மாமியின் பெருவிரலைத் தடுத்து அதைக் காப்பாற்றியிருக்கும். அழுக்குக்கு அடியில் அது இருக்கவேண்டும். இல்லையென்றால் ஸ்கொட்லாந்துக்காரர் சொன்னதுதான் சரி.

"மாமி, அம்மனைக் கொஞ்சம் எண்ணெய்க்குள்ள ஊறப்போடவேணும்."

கமலாசனி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். "ஏன், அவவுக்குத் தலையிடியோ?"

கதிரையில் இருந்த அவள் கணவன் தயாபரன் சிரித்தான். "அம்மா, அது அம்மனில்லை, வெள்ளைக்காரி. உங்கட மருமகள் அவவின்ர சூலத்தை அளக்கப்போறா."

"எனக்குச் சொல்லித்தாறாய்! சுத்திவர இங்கிலீசில எழுதிக் கிடக்கிறது எனக்குத் தெரியாதே? இடம்பெயர்ந்து திரிஞ்ச நேரம் என்ர சீலைத் தலைப்பில முடிஞ்சபடி கூட வந்தவ அவதான். ஆரின்ர பெட்டையா இருந்தா எனக்கென்ன?"

மாமி மருமகள் பக்கம் திரும்பினார்.

"உன்ர கதை பிழைச்சால் என்ன செய்வாய், பிள்ளை?"

"நான் சொன்னது பிழை எண்டு எழுதுவன்."

"எல்லாரும் பாக்கவோ?"

"ஓம் மாமி."

மாமி கையிலிருந்த முருங்கைக் காம்பைக் கீழே வைத்தார். "அப்ப ஊறப்போடு."

காசு நல்லெண்ணெய்க்குள் கிடந்த நாட்களில் தேனுகா தன்னையே துருவிப் பார்த்தாள். அரிய காசு ஒன்று வேண்டுமென்ற ஆசை அவளுக்கு இருக்கவில்லை. எப்போது ஓடுவது, எங்கே படுப்பது, எதை நம்புவது என்று மற்றவர்கள் சொல்லச் சொல்லப் போருக்குள் வளர்ந்தவள் அவள். இதை நான் கண்டேன் என்று ஒரு மயிரளவு விடயத்திலாவது உறுதியாக நிற்க முடியுமா என்பதே அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை யன்னலைச் சாத்திவிட்டு, பூதக்கண்ணாடியும், செம்பைக் கீறாத தேசிக்காய் மர முள்ளுமாக மேசைக்கு முன் உட்கார்ந்தாள். மாமி டோர்ச்சைப் பிடித்தார்.

"சரிச்சுப் பிடியுங்கோ மாமி. இன்னும் பதிச்சு."

"கை உளையுது. கெதியாப் பார்."

ஊறிய அழுக்கு செதில் செதிலாகக் கழன்றது. அடியில் வெறும் செம்பு. இன்னொரு செதில். அதற்கடியிலும் வெறும் செம்பு. 'என் பிழை' என்ற வசனத்தை அவள் மனதுக்குள் எழுதத் தொடங்கிவிட்டாள். முள் கடைசித் துணுக்கைக் கிளப்பியபோது, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மெல்லிய கோடொன்று தெரிந்தது.

அவள் கொண்டாடவில்லை. கீறலாகவும் இருக்கலாம். கீறலென்றால் வாய்க்கால் மாதிரிப் பள்ளமாக இருக்கும். அச்சில் விழுந்ததென்றால் வரம்பு மாதிரி எழும்பி நிற்கும்.

"மற்றப் பக்கத்தால வெளிச்சத்தைப் பிடியுங்கோ."

டோர்ச் இடம் மாறியது. நிழல் கோட்டுக்குள் விழாமல், அதைத் தாண்டி வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் விழுந்தது. வரம்பேதான்.

"நிக்கிறாவோ?"

"நிக்கிறா மாமி."

கமலாசனி பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். நிமிர வெகுநேரம் பிடித்தது. "நான் இந்தத் தேய் தேய்ச்சும் விட்டுக்குடுக்கேல்லைப் பார், கெட்டிக்காரி!" என்றார். அம்மனையா மருமகளையா சொன்னார் என்று தேனுகா கேட்கவில்லை. முள்ளை வைத்துவிட்டுப் படமெடுக்கத் தொடங்கினாள்.

இரண்டு பக்க வெளிச்சத்திலும் எடுத்த படங்களைக் குழுவில் போட்டு, கீழே ஒரே ஒரு வரி எழுதினாள். 'காசைத்தான் பார்த்தேன்.'

வெள்ளிக்கிழமை மாமி பழப்புளி எடுக்கவில்லை. காசைத் தண்ணீரில் அலசித் துடைத்து வைத்துவிட்டு, குங்குமச் சிமிழைத் தேனுகாவிடம் நீட்டினார். அவள் நெற்றியில் பொட்டு வைத்து, விரலைச் சூலத்தின் பக்கம் கொண்டுபோனாள். மாமி கையைப் பிடித்தார்.

"அதில வைக்காத பிள்ளை. அந்த வெள்ளைக்காரன் திரும்பக் கேட்டால் காட்டவேணுமெல்லோ."