கவாசெமியின் ராணி

தன்னை ஒரு நாய் என்று யாரோ இணையத்தில் எழுதி வைத்திருப்பதை செல்வராணி கண்டுபிடித்தது 2008-ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை, துணி காயப்போட்டுவிட்டு வந்து சும்மா உட்கார்ந்த நேரத்தில்.

மெல்பர்னின் ஓரத்தில், கிரெய்கிபர்னில் அவள் வீடு இருந்த தெரு புதுசு. மரக்கன்றுகள் இன்னும் கம்போடு சேர்த்துக் கட்டப்பட்டு நின்றன. இடப்பக்கத்து வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை. வலப்பக்கத்து வீட்டுக்காரர்கள் காரோடு கராஜுக்குள் நுழைந்து காரோடு வெளியேறும் ஜாதி. அவர்களுக்குக் கால் உண்டா என்பதே அவளுக்குத் தெரியாது. கணவர் தனபாலன் பெர்த்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போனவர், வேலையோடு ஒரு புதுக் குடும்பமும் அமைந்துவிட அங்கேயே தங்கிவிட்டார். பிள்ளை இல்லை. வாரத்தில் ஐந்து நாள் ஒரு சரக்குக் கிடங்குக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டுவாள். மீதி இரண்டு நாளை ஓட்டுவதுதான் அதைவிடப் பெரிய வேலை.

அன்று அவள் தேடிப் பார்த்தது 'கவாசெமி' என்ற பெயரை. ஜப்பானிய மொழியில் மீன்கொத்தி என்று அர்த்தம். ஒசாகாவில் ஒரு சிகரெட் கடையின் மாடியில் 1983-இல் தொடங்கி, தொண்ணூறுகளின் கடைசியில் மூடப்பட்ட வீடியோ கேம் கம்பெனி அது. அதன் வரலாற்றை எந்தப் புண்ணியவானோ ஆங்கிலத்தில் விலாவாரியாக எழுதியிருந்தார். ஆஸ்பத்திரிகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பொழுதுபோகாமல் ஒரு விளையாட்டு செய்தது, ஆற்றில் படகு விடும் விளையாட்டு சக்கைப்போடு போட்டது, அந்தத் தெம்பில் ஆட்களைச் சேர்த்தது, புதிய மெஷின்கள் வந்து அவர்களுடைய வித்தையெல்லாம் பழசாகிப் போனது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. எல்லாவற்றுக்கும் கீழே பணியாளர் பட்டியல். அதில் ஒரு வரி: 'ராணி. தலைவர் நோடாவின் நாய். வேடிக்கைக்காகச் சேர்க்கப்பட்ட பெயர் என்று 1993-இல் பேட்டி ஒன்றில் அவரே சொன்னார்.'

முதலில் சிரித்துவிட்டாள். பிறகு எழுந்து குசினிவரை போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்து, மறுபடி படித்தாள். இரண்டாம் முறை சிரிப்பு வரவில்லை.

அந்தக் காலத்தில் ஜப்பானியக் கம்பெனிகள் விளையாட்டின் முடிவில் ஊழியர்களின் சொந்தப் பெயரைப் போடமாட்டா. போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்ற பயம். அதனால் மீசை, ஊறுகாய், தூங்குமூஞ்சி என்று ஆளுக்கொரு பட்டப்பெயர். மலேசிய அரசாங்கம் ஜப்பானுக்குப் படிக்க அனுப்பிய ஈப்போப் பெண் செல்வராணி, படிப்பு முடிந்து 1986-இல் அங்கே சேர்ந்தபோது, பட்டப்பெயர் வைத்துக்கொள்ள வெட்கப்பட்டுத் தன் பெயரில் பாதியைப் போட்டாள். எல்லாரும் ஒளிந்துகொண்ட இடத்தில் ஒளியாமல் நின்றவள் அவள் ஒருத்திதான். கடைசியில் நாயானதும் அவளேதான். அந்தப் படகு மிதந்த ஆற்றைப் புரோகிராம் எழுதி ஓட வைத்ததே அவள். அவளுடைய நாற்பத்துநான்கு வயதில், நான்கு பேரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுச் சிரித்த காலம் என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது.

அன்றே அந்தப் பக்கத்தை எழுதியவருக்கு மின்னஞ்சல் போட்டாள். மறுநாளே போன் வந்தது. பேசியது சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருக்கும் கேதீஸ்வரன் என்ற இளைஞன். எண்பத்தேழில் சிட்னிக்கு வந்த புதிதில், ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாமல் வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருந்தவனுக்குப் பிற்பாடு பழைய சாமான் கடையில் அந்தப் படகு விளையாட்டுக் கிடைத்ததாம். பிறகு கவாசெமியின் ஒன்றையும் விடவில்லை.

"தமிழ் ஆளா இருந்துக்கிட்டு, ராணின்னா பொம்பளைப் பேருன்னு உங்களுக்குத் தோணலியா தம்பி?"

"தோணினது அன்ரி. ஆனா எங்கட சித்தப்பா வீட்டு நாய்க்கும் ராணி எண்டுதான் பேர். அதால உடன நம்பீட்டன்."

"வெள்ளைக்காரன் எழுதியிருந்தா கொஞ்சமாச்சும் யோசிச்சிருப்பான்," என்றாள் செல்வராணி.

கேதீஸ்வரன் மரியாதையாகச் சிரித்தான். ஆனால் விடவில்லை. "நான் உங்களை நம்புறன் அன்ரி. ஆனா தலைவரே நாய் எண்டு சொன்னதுக்கு அச்சில ஆதாரம் இருக்கு. அவரே மாத்திச் சொன்னா மாத்துவன். இன்னொண்டு, நீங்கள் தொண்ணூறில விட்டிட்டு வந்தனான் எண்டுறியள். அதுக்குப் பிறகு வந்த மூண்டு கேமிலயும் ராணி எண்ட பேர் இருக்கே."

அது அவளுக்குத் தெரியாது. அவள் அவற்றைப் பார்த்ததே இல்லை.

நோடாவை எப்படிக் கூப்பிடுவது? தொண்ணூறாம் ஆண்டு அக்காவின் கல்யாணம், இரண்டு வாரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டவள் அவள். கல்யாணம் அக்காவுக்கு அல்ல, அவளுக்குத்தான். அப்பா பார்த்து முடித்த மெல்பர்ன் மாப்பிள்ளை. வேலையை விடுகிறேன் என்று கவாசெமிக்காரர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போட்டு, பிறகு எழுதுவதே அசிங்கம் என்று ஆகிவிட்டது. கிணற்றில் போட்ட கல்தான்.

நாய் என்று சொன்னது அந்தக் கோபத்தில்தான் என்று இப்போது அவளுக்குப் பட்டது. நன்றியில்லாதவள் என்று நேராகச் சொல்லாமல் சொல்லியிருக்கிறார். அவர்களும் தன்னை வெறுத்துவிட்டார்கள் என்றால், வாழ்க்கையில் தனக்கென்று எங்கேயும் ஒரு நாற்காலி இருந்ததில்லை என்றுதானே அர்த்தம்? அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மனப்பாடமாக இருந்த, நோடாவின் சிகரெட் கடை எண்ணைச் சுழற்றினாள். அப்படி ஓர் எண் இல்லை என்றது இயந்திரக் குரல். இணையத்தில் துழாவியபோது, ஒசாகா எண்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் ஆறு சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. ஆறைச் சேர்த்தாள். மணி அடித்தது. எடுத்தவர் நோடாதான். அவள் பெயரைச் சொன்னாள்.

"ராணி-சான்," என்றார் கிழவர், "கல்யாணம் நல்லபடி முடிந்ததா?"

துருப்பிடித்த ஜப்பானிய மொழியில் அவள் சொன்னாள்: "முடிந்தது. அது என் கல்யாணம்."

"தெரியும். இரண்டு வாரத்துக்கு அவ்வளவு பெரிய பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு போவதில்லை."

மனைவி இறந்துவிட்டாளாம். கடையை மூடி, கீழே சைக்கிள் நிறுத்துமிடம் வைத்திருக்கிறாராம். மாடி காலியாகத்தான் கிடக்கிறதாம். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினாள். கிடைத்ததெல்லாம் கடையில் பொருள் கேட்கிற வார்த்தைகள். ஆகவே கேதீஸ்வரன் என்ற பையன் எழுதியிருக்கும் வரலாற்றைப் பற்றிச் சொல்லி, கேட்க வந்ததையே கேட்டாள். ராணி என்று ஒரு நாய் வளர்த்தாரா?

"நாயா? என் மனைவிக்கு நாய் ரோமம் பட்டால் மூச்சு முட்டும். நாய் ஏது?"

பிறகு அவராகவே சொன்னார். "நீ போன பிறகு செய்த விளையாட்டுக்குப் பெயர்ப் பட்டியலை நான்தான் அடித்தேன். உன் வரியை எடுத்தேன். திரும்ப வந்து பார்க்கும்போது பெயர் இல்லாவிட்டால் வருத்தப்படுவாய் என்று மீசை சொன்னான். மறுபடி போட்டேன். அடுத்த தடவையும் அப்படித்தான். அப்புறம் ஒரு பத்திரிகைக்காரன் யார் இந்த ராணி என்று கேட்டான். இரண்டு வாரத்தில் வருகிறேன் என்று போனவளுக்காக மூன்று வருஷமாக மேஜையைக் காலி பண்ணாமல் வைத்திருக்கிறோம் என்று அவனிடம் சொல்ல முடியுமா? என் நாய் என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்."

செல்வராணி போனைக் காதிலிருந்து எடுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி வைத்தாள்.

"அந்தப் பையனிடம் உண்மையைச் சொல்லிவிடு," என்றார் நோடா. "வரலாறு என்றால் சரியாக இருக்க வேண்டும். கடைசி மூன்று விளையாட்டில் உன் வேலை எதுவும் கிடையாது. பெயரை எடுத்துவிடச் சொல். எனக்கு ஒன்றுமில்லை."

ஒன்றுமில்லை என்பதைத் தேவைக்கு மேல் ஒரு தடவை சொன்னார்.

சாயங்காலம் கேதீஸ்வரன் அழைத்தான். அவள் கொடுத்த எண்ணில், தெரிந்த நாலைந்து ஜப்பானிய வார்த்தைகளை வைத்து நோடாவோடு தானும் பேசி உறுதிப்படுத்திக்கொண்டதாகச் சொன்னான். "மொழி விளங்காட்டியும் ஒண்டு விளங்கினது அன்ரி. உங்கட பேரைச் சொன்னதும் ஓம், ஓம் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தார். நீங்கள் வேலை செய்த மூண்டு கேமுக்கும் உங்கட முழுப் பேரைப் போட்டிட்டன். ஈப்போவில இருந்து வந்த புரோகிராமர் எண்டும் எழுதியிருக்கிறன்."

"ரொம்ப நன்றி தம்பி."

"அப்ப பிறகு வந்த மூண்டிலயும் இருக்கிற ராணி ஆர்? நீங்கள் இல்லைத்தானே. ஒருத்தரும் இல்லையெண்டா பட்டியல்ல இருந்து எடுத்துவிடவா?"

அவள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். வலப்பக்கத்து வீட்டுக் கராஜ் கதவு ஏறி, கார் உள்ளே போய், கதவு இறங்கியது.

"எடுக்காதீங்க," என்றாள். "அது நாய்தான்."

"அப்ப உண்மையாவே நாய் இருந்ததோ?"

"ஆமா. நான் போனதுக்கு அப்புறம் வந்துச்சாம்."

"என்ன நாய் எண்டு கேட்டனீங்களோ? வாசிக்கிற ஆக்கள் இதுகளைக் கட்டாயம் கேப்பினம்."

"சாதாரணத் தெரு நாய். பழுப்பு நிறம்." நிறுத்தினாள். பிறகு சொல்லச் சொல்லக் குரல் தானாக வந்தது. "மாடிப்படிக்கு மேலேயே படுத்திருக்குமாம். யாராச்சும் ஏறி வர்ற சத்தம் கேட்டா எழுந்து பார்க்குமாம். வேற ஆளுன்னு தெரிஞ்சா மறுபடி படுத்துக்குமாம்."

அவன் அதைத் தட்டச்சு செய்யும் ஒலி கேட்டது.

"கொம்பனி பூட்டினபோது அதுக்கு என்ன நடந்தது அன்ரி?"

"கடைசி ஆள் இறங்கிப் போற வரைக்கும் அங்கேயேதான் இருந்துச்சாம்," என்றாள் செல்வராணி.