மூன்று டிரம் அயோடின்

என் வீட்டுக்காரர் காலையில் கண் விழித்ததும் முகம்கூடக் கழுவ மாட்டார், தரகருக்குப் போன் போடுவார். பாதித் தூக்கத்தில் எனக்கும் காதில் விழும். கந்தகம் விலை படுத்துவிட்டதாம், புரோமின் அசையவில்லையாம், அயோடின் மட்டும் ஏறுகிறதாம். சொந்தக்காரப் பிள்ளைகளை விசாரிக்கிற மாதிரி விசாரிப்பார்.

எங்களுடையது சலவைக்கடை. முன்னறையில் இஸ்திரி மேஜை. பின்னறையில் கஞ்சி போட்டு, தண்ணீர் தெளித்து அடுக்கிய துணிகள். ஒரு பெரிய ஹோட்டலின் மேஜை விரிப்புகள்தான் எங்களுக்குச் சோறு. இருந்த சேமிப்பையெல்லாம் துடைத்து, மூடப்போகிற மருந்துக் கம்பெனி ஒன்றிலிருந்து மூன்று டிரம் அயோடின் வாங்கி வந்து பின்னறையில் இறக்கினார் மனுஷர். அகலக்கால் வைக்காதீங்க என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"மலிவா கெடச்சுது. கொஞ்சம் ஏறட்டும், வித்துடலாம்" என்றார்.

ஏறியது. விற்கவில்லை. ஏறுகிற பொருளை எவனாவது விற்பானா என்பது அவர் கட்சி. அப்ப இறங்கினா விப்பீங்களா என்று கேட்டால் தரகருக்குப் போன் போடப் போய்விடுவார். இஸ்திரி மேஜைப் பக்கம் வருவதையும் விட்டுவிட்டார். இரண்டு பேர் வேலை என் ஒருத்தி தலையில் விழுந்தது.

சாயங்காலமானால் ஒரு டிரம்மைத் திறந்துவைத்து எதிரே உட்கார்ந்துவிடுவார். உள்ளே கருப்பாக மின்னும் செதில்கள். அதற்கு மேலே, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மெல்லிய ஊதா ஆவி. மூக்கை அரிக்கும் நெடி. ஒரு நாள் திட்டத்தான் போனேன். ஜன்னல் வெளிச்சம் அந்த ஊதாவுக்குள் விழுந்து தூங்குவதுபோல் கிடந்தது. நானும் உட்கார்ந்துவிட்டேன். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"இத வித்ததும் கடைய மூடிடலாம்" என்று என் தோளில் சாய்ந்தார். கனவில் பேசுகிற ஆளிடம் என்ன வாதாடுவது?

ஹோட்டலில் பெரிய விருந்து என்றார்கள். விரிப்புகள் மத்தியானத்துக்குள் வரவில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார். விருந்தன்று காலை பின்னறைக் கதவைத் திறந்தேன். வெள்ளையாக அடுக்கியிருந்த அத்தனை விரிப்பும் நீலம். அறைக்குள் வானம் இறங்கிப் படுத்திருந்த மாதிரி இருந்தது. ஒரு டிரம்மின் மூடி சரியாக மூடப்படாமல் கிடந்தது. கஞ்சியில் அயோடின் பட்டால் நீலமாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுபடி துவைக்க நேரமில்லை. சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து இழுத்தேன். போன வழியெல்லாம் வெள்ளை.

"பாத்தியா, போயிடுச்சு" என்றார் பின்னால் நின்றவர்.

மடித்து வைத்துவிட்டுத் திரும்பினால், ஆறிய துணியில் நீலம் மெல்ல ஊறி வருகிறது. அவர் இன்னொரு பெட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து நின்றார். தேய்க்கத் தேய்க்க வெளுத்தது, ஆற ஆற நீலமானது. தூக்கத்தில் நடப்பவர்கள்போல் இருவரும் தேய்த்துக்கொண்டே இருந்தோம். மத்தியானம் போனது. மேலாளர் போனில் இரண்டே வார்த்தை பேசினார், ஹோட்டலும் போனது.

அதன் பிறகுதான் இவர் தரகரைக் கூப்பிட்டார்.

"விலையெல்லாம் சொல்லாதீங்க. வண்டிய அனுப்புங்க."

நிறுத்துப் பார்த்தால் எடை குறைந்திருந்தது. தினமும் திறந்து திறந்து பார்த்ததில் ஆவியாகிப் போய், ஏறிய விலையைக் காற்று தின்றிருந்தது. போட்டது வந்தது, அவ்வளவுதான்.

வண்டி போனதும் கேட்டேன். "எதுக்குங்க இதெல்லாம்?"

என் கையை எடுத்து, கொப்புளம் காய்ந்த இடங்களைத் தடவினார். "இந்தக் கை இனிமே சூட்டுல வேகக் கூடாதுன்னு நெனச்சேன்."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சூடு எனக்குப் பழக்கம். என்னிக்காவது வேணாம்னு சொன்னேனா? எதிர்ல நின்னு நீங்களும் தேய்ப்பீங்களே, அதுதான் எனக்கு வேணும். அத வித்துத்தான் அயோடின் வாங்கினீங்க."

அவர் எழுந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். தேய்க்கத்தான் துணி இல்லை.